சிவப்புக்கால் உள்ளான் நின்ற இடம்

அண்ணி,

என் பச்சைப் பாவாடையின் ஓரத்தில் ஏரிச் சேற்று வாடை இன்னும் போகவில்லை. அம்மா அதைச் சவுக்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். நாளைக்குக் கட்டலாம் என்று எடுத்தேன். முகத்தருகே வந்ததும் அழுகின பாசியும் நத்தையும் கலந்த அந்த வாடை அடித்தது. நீ பின்னால் வந்து என் தோளில் கை வைத்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நெல் குதிர்தான் நின்றுகொண்டிருந்தது.

எல்லாரும் தூங்குகிறார்கள். குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளிச்சம் கூடத்துக்குப் போகாதபடி சிம்னி விளக்கை முறத்தால் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பர்மாச் சண்டை வந்த பிறகு மண்ணெண்ணெய் கிடைப்பதே இல்லை. நைனா பார்த்தால் எண்ணெய்க்காகத் திட்டுவார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டால் அதைவிட மோசம். உன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். எழுதும்போதுகூட அந்தப் பேரை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணி என்று மட்டும் எழுதுகிறேன்.

ஏரிப் பக்கமிருந்து சத்தம் வருகிறது. ஊரே அதை உன் சத்தம் என்கிறது.

நீ குத்தம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே கொரட்டூருக்கு வந்த புதிதில், நான் உன்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை. அண்ணனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோக வந்தவள் என்று நினைத்தேன். பிறகு அண்ணனைப் பட்டாளம் பிடுங்கிக்கொண்டது. பர்மா பக்கம் என்றார்கள். முதலில் கடுதாசி வந்தது, பிறகு அதுவும் நின்றது. உனக்குப் பேச ஆள் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு மாசி மாதத்துக் காலையில் மாட்டுக்குப் புல் அறுக்க நாம் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். அன்றைக்குத்தான் உன் ரகசியம் எனக்குத் தெரிந்தது.

தண்ணீர் நடுவில் என்னவோ ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அது என்ன பறவை என்று உன்னைக் கேட்டேன். நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எது என்று என்னையே கேட்டாய். அவ்வளவு பெரிய கூட்டம். கரையிலிருந்து கல் விட்டால் விழுகிற தூரம். உனக்குத் தெரியவில்லை. பிறகு, பத்தடிக்கு அப்பால் எல்லாம் உனக்குப் பனி மூடினது மாதிரிதான் என்று சொன்னாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். கல்யாணத்துக்கு முன் உன் அம்மா இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். கண் தெரியாத மருமகள் என்று பேர் வந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று உனக்குப் பயம்.

அது கறுப்பாக இருக்கிறது, நெற்றியில் வெள்ளையாகப் பட்டை இருக்கிறது என்று நான் சொன்னேன். நீ கைதட்டிச் சிரித்தாய். "நாமக்கோழி பாப்பா. நெத்தியில நாமத்தப் போட்டுகினு நம்ம மணியக்காரர் மாதிரியே குந்திக்கினு கீதுங்களா?" அப்படியேதான் இருந்தது.

அன்றிலிருந்து நான் பார்ப்பதும் நீ பேர் சொல்வதுமாக ஆனது. சத்தம் வந்தால் உனக்கு நான் தேவையில்லை. நாணல் புதருக்குள் எது அசைந்தாலும் நீ தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கானாங்கோழி, தவிட்டுக்கொக்கு என்று சொல்லிவிடுவாய். எனக்கு நாணல் மட்டும்தான் தெரியும். சத்தம் போடாமல் நிற்கிற பறவைகளுக்குத்தான் என் கண் வேண்டும். அரிவாள் மாதிரி மூக்கு என்பேன், அரிவாள்மூக்கன் என்பாய். மூக்கு முழுசாக மூடாமல் நடுவில் இடைவெளி தெரிகிறது என்பேன், நத்தைகுத்தி நாரை என்பாய். ஒருநாள், தொண்டையில் பை தொங்க ஒரு பெரிய பறவை மிதக்கிறது என்றேன். அது கூழைக்கடா என்றும், பந்தியில் மூன்றாம் தரம் பாயசம் வாங்கின என் மாமா அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னாய். நான் சிரித்த சிரிப்பில் அது எழுந்து பறந்தே போய்விட்டது.

அம்மா முன்னால் உன்னை நீங்க என்பேன். கரைமேல் ஏறினதும் நீ என்பேன். இறங்கும்போது மறுபடி நீங்க.

ஏரிக்குள் எப்படி இறங்குவது என்று உன் ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற முறையை நீ சொன்னாய். உங்கள் பக்கம் தாமரை இலை பறிக்கிறவர்கள் கழி வைத்து ஆழம் பார்ப்பதில்லையாம். எங்கே எந்தப் பறவை நிற்கிறது என்று பார்ப்பார்களாம். சிவப்புக்கால் உள்ளான் நின்றால் நமக்குக் கெண்டைக்கால் தண்ணீர். வெள்ளைக் கொக்கு நின்றால் முழங்காலுக்குக் கீழே. சாம்பல் நாரை நின்றால் முழங்காலுக்கு மேலே, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொள்ள வேண்டும். நாமக்கோழி மிதக்கிற இடத்துக்குப் போகவே கூடாது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. பள்ளிக்கூடத்தில் சொன்ன எந்தக் கணக்கையும்விட இது சரியாக வந்தது. நான் பறவையைப் பார்த்துச் சொல்ல, நீ முன்னால் நடக்க, உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வருவேன். ஒரு தடவைகூட நம் இடுப்பு நனைந்ததில்லை.

சில நாள் ஏரியை விட்டு அம்பத்தூர்ப் பக்கத்து மேய்ச்சல் பொட்டலுக்கு நடப்போம். முள்ளும் காய்ந்த புல்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் புல்லிலிருந்து வானம்பாடி நேராக மேலே ஏறும். அது மேலே போகப் போக நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது பனை உயரம், இப்போது புள்ளி, இப்போது எனக்கும் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் நீ, இப்போது நாம் ரெண்டு பேரும் ஒன்று என்பாய். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரும் அதன் பாட்டைக் கேட்போம். குளிர்காலத்துக்கு வந்த வாத்துகள் எங்கே திரும்பிப் போகும் என்று ஒருநாள் கேட்டாய். வடக்கே, இமயமலையைத் தாண்டி என்றேன். போகிற வழியில் பர்மா வருமா என்றாய். வரும் என்று சொன்னேன். வருமா என்று எனக்குத் தெரியாது.

ஆவடியில் பட்டாளத்துக்கு முகாம் கட்ட ஆரம்பித்தபோது எல்லாம் மாறியது. தரையை மேடாக்க மண் வேண்டும் என்று, போன கோடையில் ஏரி வற்றினபோது நம் பக்கத்து ஓரத்தில் தோண்டினார்கள். கரைமேல் லாரி ஓடியது. லாரியில் யார் யாரோ வந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுப் பெண்கள் ஏரிப் பக்கம் போகக் கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். புல் அறுக்க ஆள் வைத்தார். மழை வந்து ஏரி நிரம்பி, தோண்டின இடம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. நாம் விடவில்லை. விடியும் முன் பெண்கள் வெளிக்குப் போகிற நேரத்தில் நாமும் சொம்பு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தாழம்புதர் வரைக்கும் எல்லாரோடும் போய், அங்கிருந்து கரைமேல் ஏறி மதகுப் பக்கம் போய்விடுவோம். அந்தப் பக்கம் தோண்டவில்லை. பழைய ஏரி அங்கே அப்படியே இருந்தது.

பங்குனியில் நான் பெரியவளானேன். மாமா பச்சை ஓலை வெட்டிவந்து கொல்லையில் எனக்குக் குச்சு கட்டினார். கட்டும்போதே, இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு, ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்று நைனாவிடம் பேசினார். மாமாவுக்கு யாரோடு முகூர்த்தம் என்று எனக்குத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா நம் வீட்டுக்கு வந்து, இவள் எட்டாவது பரீட்சை எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டதால், நைனா சரி, வருஷம் முடியட்டும் என்றார். ஏதாவது பேச்சு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னார். ஓலைக்கு உள்ளே உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குச்சுக்குள் இருந்தபோது ஏரியைப் பார்க்க முடியவில்லை. நீ சாப்பாட்டுத் தட்டை எட்ட வைத்துவிட்டு, யாரும் இல்லாதபோது பின்பக்கம் வந்து குந்துவாய். இன்றைக்கு என்ன கேட்டது என்று ஓலை வழியாகச் சொல்வாய்.

அன்றைக்கு விடிய இன்னும் இருட்டு இருந்தது. ஓலை சலசலத்தது.

"பாப்பா, முழிச்சிக்கினு கீறியா? கேளு. செவப்புக்கால். மதகாண்ட இல்ல, நம்மூட்டுக்குக் கிட்டக்க. முட்ட வச்சிக்கீது போல, அதான் அந்தக் கத்து கத்துது. நான் போய்ப் பார்த்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்."

தனியாகப் போகாதே, உனக்கு யார் பார்த்துச் சொல்வார்கள் என்றேன்.

"கண்ணு எதுக்கு? அது நிக்கிற எடம் கெண்டைக்கால் தண்ணிதானே. சத்தத்தப் புடிச்சிகினே போனா எதிர்ல வந்து நிக்குது."

சொல்லிவிட்டு ஓலைச் சந்தில் கையை விட்டு என் கால் கட்டைவிரலைக் கிள்ளினாய். தீட்டு, தொடாதே என்று காலை இழுத்துக்கொண்டேன். நீ சிரித்தாய். "தொட்டாச்சு. இப்போ நானும் முழுகணும். எப்படியும் ஏரிக்குத்தானே போறேன்."

அந்தச் சிரிப்பு வைக்கோல்போர் வரைக்கும் கேட்டது.

மத்தியானம் எருமை மேய்க்கிறவர்கள்தான் உன்னைத் தண்ணீரில் பார்த்தார்கள். நான் குச்சை விட்டு வெளியே வரக் கூடாது. ஓலைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் மட்டும் கேட்டேன். உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. யாரோ ஒரு மண் வெட்டுகிற ஆள் கொல்லையில் நின்று நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆழம் தோண்டினோம் என்று அளந்து கூலி கொடுப்பதற்காக, குழிக்கு நடுவில் ஒரு மண் திட்டைத் தொடாமல் விட்டுவிடுவார்களாம். அளந்து முடித்ததும் அதை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டதாம். தண்ணீர் இறங்கினதும் அந்தத் திட்டின் தலை மட்டும் வெளியே வந்திருக்கிறது. சுற்றிலும் இரண்டு ஆள் ஆழம்.

அண்ணி, எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. திட்டின் தலையில் உள்ளான் கூடு கட்டியிருக்கிறது. அது நின்ற இடம் கெண்டைக்கால் தண்ணீர்கூட இல்லை. சுற்றி இருந்ததைத்தான் அது உனக்குச் சொல்லவில்லை. தோண்டினது உனக்கும் தெரியும், எந்த இடம் வரைக்கும் என்றுதான் உன் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. ஊரில் கண் தெரிகிற எல்லாருக்கும் அங்கே குழி இருப்பது தெரியும். அதனால்தான் சாக நினைத்தவள் தவிர வேறு யாரும் அங்கே இறங்க மாட்டார்கள் என்று பேசுகிறார்கள்.

அதைவிட மோசமாகவும் பேசுகிறார்கள். விடியலில் நீ கரைமேல் தனியாகப் போவதைப் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னாள். லாரி நின்றிருந்தது என்று இன்னொருத்தி சொன்னாள். "புருஷன் பட்டாளத்துல, பொண்டாட்டி கரைமேல" என்று எதிர்வீட்டுக்காரி கிணற்றடியில் எல்லார் முன்னாலும் சொன்னாள். அம்மா தண்ணீர் எடுக்காமலே திரும்பி வந்தாள். வயிற்றில் ஏதோ இருந்திருக்கும் என்று மாமா நைனாவிடம் மெதுவாகச் சொன்னதை நானே கேட்டேன். நைனா உனக்குக் கருமாதி செய்யவில்லை. உன் புடவைகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வர ஆரம்பித்தது. இருட்டினதும் திட்டுப் பக்கமிருந்து கிக் கிக் என்று விடாமல். நரி வந்தாலும் கீரி வந்தாலும் உள்ளான் அப்படித்தான் கூட்டைச் சுற்றிக் கத்தும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பகலிலும் பார்த்தேன். ஜோடியாகப் பறந்து பறந்து கத்துகின்றன. கால்கள் பின்னால் சிவப்பு நூல் மாதிரி தொங்குகின்றன. அது பறவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இருட்டில் கேட்கும்போது பாயைவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ எனக்குக் காட்டுவதற்காக அதே மாதிரி கத்துவாயே, முடிவில் கொஞ்சம் இழுத்து. சில நேரம் அந்த இழுப்பு கேட்கிறது. காதைப் பொத்திக்கொள்கிறேன். பொத்தினாலும் கேட்கிறது.

நாளைக்கு அமாவாசை. பூசாரியைக் கூட்டிவருகிறார்கள். வாழைமரத்தைக் கட்டித் தெப்பம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டில்தான் நீ குந்திக்கொண்டு கூப்பிடுகிறாயாம். திட்டை வெட்டிக் கரைத்துவிட்டு, கரைமேல் இருக்கிற பனைமரத்தில் ஆணி அடித்து உன்னைக் கட்டப் போகிறார்கள். கூட்டில் முட்டை இருக்கும். ஆணி அடிக்கும்போது நெறி தவறினவள் என்று சொல்லித்தான் அடிக்க வேண்டுமாம். நைனா எதிரில் நின்று ஆமாம் சொல்ல வேண்டுமாம். அண்ணன் என்றைக்காவது திரும்பி வந்தால் அந்த ஆணியைத்தான் காட்டுவார்கள்.

சாயந்திரம் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அடுப்பங்கரைக்குப் போனேன். அண்ணி எதற்குப் போனாள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அம்மா ஊதாங்குழலைக் கீழே வைக்கவே இல்லை.

"தெரியும். நீயும் அவ கூடப் போனவதானே. உன் பாவாடையத் தொவைக்கிறவ நான். சேறு எங்க ஒட்டுதுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்துமா கிணற்றடியில் பேசாமல் வந்தாய் என்று கேட்டேன்.

"அவ யோக்கியம்னு சொன்னா, நீ கூடப் போனேன்னு சொல்லணும். ரெண்டு பேரும் கரமேல போனாளுங்கன்னு பேச்சு வரும். உன் மாமன் நாளைக்கே தாலியத் தூக்கிகினு வருவான். செத்தவளுக்குப் பேரு போனா இன்னா பண்ணும்? உயிரோட கீறவளுக்குத்தான் பேரு வேணும். வாயத் தெறக்காதே."

பிறகு ஒரு உருண்டை சோற்றை இலையில் வைத்து, கொல்லைச் சுவர்மேல் கொண்டுபோய் வைத்தாள். தினமும் வைக்கிறாள் அண்ணி. காக்கைக்கு என்று நினைத்திருந்தேன். இருட்டினபின் காக்கை வராது. அம்மா அங்கே கொஞ்ச நேரம் நின்று, ஏரிப் பக்கம் பார்த்து, உனக்குப் பிடித்த கருவாடு இன்றைக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னாள். அவளுக்கும் பயம். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் உன்னை விட்டுவிட்டாள். அவள்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அதனால்தான் தூக்கமும் வரவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டாம். தீட்டில் இருந்த என்னைத் தொட்டதால்தான் நீ செத்தாய் என்று சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் நைனா பனைமரத்தின் கீழே நிற்கிறார். பூசாரி கேட்கிறார். நைனா ஆமாம் என்கிறார். அந்த இடத்துக்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. உனக்குக் கண் தெரியாது என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பேசாவிட்டால் அது யாருக்குமே தெரியாது.

இப்போதும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது, பார்ப்பதை எல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் போகிறேன். மதகுமேல் கறுப்பாக ஒன்று, சிறகை விரித்துக் காயவைக்கிறது. வரப்பில் மண் நிறத்தில் ஒன்று, பறந்தால் வெள்ளை. பேர் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டு நீ பேர் சொல்வதற்காகக் கொஞ்சம் நிற்கிறேன். கூட வருகிற பெண்கள் ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்கிறார்கள். முள் என்று சொல்கிறேன். இந்தப் பழக்கம் போகாது என்று நினைக்கிறேன். போகவும் வேண்டாம்.

நைனா எழுந்துவிட்டார். தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறுகிற சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் அவர் தனியாக இருப்பார். பூசைக்கு வந்து திண்ணையில் படுத்திருக்கிற மாமா இன்னும் எழுந்திருக்கவில்லை. விளக்கை அணைக்கப் போகிறேன்.

கண், பறவை, திட்டு என்று நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நைனா எல்லாவற்றையும் கேட்பாரோ, பாதியிலேயே கையை ஓங்குவாரோ, தெரியாது. அதனால் எதை முதலில் சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டே போனாய் என்பதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.